அலுமினா வில்லை உடைகிறதா? அறிகுறியைப் பார்த்துக் காரணம் பிடிக்கும் முறை

எங்கள் பீங்கான் ஆய்வுக்கூடத்தில் ஹைட்ராலிக் பிரஸ் என் பொறுப்பு. வாரத்துக்கு இரண்டு பேராவது ஒரு பெட்ரி தட்டில் இரண்டாகப் பிளந்த வில்லையைக் கொண்டுவந்து, "அண்ணா, இன்னும் எத்தனை டன் போடணும்?" என்று கேட்பார்கள். பெரும்பாலும் நான் சொல்லும் பதில், ஏற்கனவே போட்டதே அதிகம் என்பதுதான். பொடி இறுகவில்லை என்றால் அழுத்தத்தைக் கூட்ட வேண்டும் என்று கை தானாகப் போகிறது. ஆனால் என்னிடம் வரும் உடைந்த வில்லைகளில் பாதிக்கு மேல் அப்படிக் கூட்டியதால் உடைந்தவை.

இது அலுமினாப் பொடியை (அலுமினியம் ஆக்சைடு) ஸ்டீல் டையில், அதாவது துளையுள்ள அச்சில், மேலிருந்து அழுத்தி வட்ட வில்லை போடுகிறவர்களுக்கு. ஜிர்கோனியா, பேரியம் டைட்டனேட் போடுகிறவர்களுக்கும் இதே வழி பொருந்தும், சூளை வெப்பநிலையும் முழு அடர்த்தியும் வேறு.

## எதையும் தொடும் முன் ஒரு கணக்கு

ஆய்வுக் கட்டுரையில் "5 டன் கொடுத்தோம்" என்று இருந்தால் அதை அப்படியே போடாதீர்கள். டன் என்பது விசை. பொடிக்குத் தெரிவது அழுத்தம், அது டையின் விட்டத்தைப் பொறுத்தது. 25 மில்லிமீட்டர் டையில் 5 டன் போட்டால் சுமார் 100 மெகாபாஸ்கல். அதே 5 டன்னை 13 மில்லிமீட்டர் டையில் போட்டால் 370. பத்து மில்லிமீட்டர் டையில் 620 தாண்டும். ஐ.ஆர். (அகச்சிவப்பு) ஸ்பெக்ட்ரத்துக்கு பொட்டாசியம் புரோமைடு வில்லை போடும் 13 மில்லிமீட்டர் டையைத்தான் நிறையப் பேர் கடன் வாங்குகிறார்கள். உப்பு அந்த அழுத்தத்தில் பிதுங்கிக் கண்ணாடி போல ஆகிவிடும். அலுமினா அப்படிப் பிதுங்காது, ஸ்பிரிங் போல அமுங்கி நிற்கும், அழுத்தத்தை விட்டதும் திரும்பும்.

பைண்டர் (பொடியை ஒட்டவைக்கும் பசை) சேர்த்த அலுமினாவுக்கு 50 முதல் 100 மெகாபாஸ்கல் போதும். 13 மில்லிமீட்டர் டையில் அது 0.7 டன்னிலிருந்து 1.35 டன். அதற்கு மேல் அழுத்தத்தை இரட்டிப்பாக்கினாலும் சுடாத வில்லையின் அடர்த்தி ஓரிரு சதவீதம்தான் ஏறும், விரிசல் மட்டும் தாராளமாக வரும்.

இன்னொன்று. சில பிரஸ்களில் முள் காட்டுவது எண்ணெயின் அழுத்தம், டைக்குள் இருப்பது அல்ல. ராம் (எண்ணெய் தள்ளும் பிஸ்டன்) விட்டம் 60 மில்லிமீட்டர், முள் 100 பார் என்றால் விசை 28 கிலோநியூட்டன். அது 25 மில்லிமீட்டர் டைக்குள் 58 மெகாபாஸ்கல் ஆகிறது. உங்கள் பிரஸ் முள் எதைக் காட்டுகிறது என்று பெயர்ப்பலகையில் ஒருமுறை பார்த்து, சுவரில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

சுடாத வில்லையின் அடர்த்தியை ஒவ்வொரு முறையும் எடுங்கள். எடை, விட்டம், தடிமன் போதும். விட்டம் 25.1, தடிமன் 3.0 மில்லிமீட்டர், எடை 3.27 கிராம் என்றால் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 2.20 கிராம். அலுமினாவின் முழு அடர்த்தி 3.98, ஆக 55 சதவீதம். 50க்கும் 60க்கும் நடுவே இருந்தால் அழுத்தும் வேலை சரியாகத்தான் நடக்கிறது.

## அறிகுறி: மேல் பக்கம் மூடி போலக் கழன்று வருகிறது

அதிகம் வரும் புகார் இது. டைக்குள் இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. தள்ளி எடுக்கும்போது, வில்லை பாதி வெளியே வந்த நேரத்தில், மெல்லிய "டிக்" சத்தம் கேட்கும். கையில் எடுத்தால் மேல் தட்டு தனியாக வந்துவிடும். அதைத் திருப்பிப் பாருங்கள். ஓரம் மெலிந்து நடு தடித்து லென்ஸ் மாதிரி இருந்தால் இந்தப் பகுதி உங்களுக்குத்தான்.

அழுத்தம் அதிகமா? முதலில் இதைப் பாருங்கள், செலவே இல்லை. அதே பொடியில் மூன்று வில்லை போடுங்கள்: இப்போது போடுவது, அதில் பாதி, அதில் கால். பாதியில் நின்றுவிட்டால் வேலை முடிந்தது. வில்லையின் விட்டத்தையும் அளந்து பாருங்கள். 25.00 டையிலிருந்து 25.10 ஆக வந்தால் 0.4 சதவீதம் விரிந்திருக்கிறது, அது இயல்பு. 25.25 என்றால் ஒரு சதவீதம். வெளியே வந்த பாதி விரிகிறது, உள்ளே உள்ள பாதியை டை இன்னும் பிடித்து வைத்திருக்கிறது. அந்த எல்லையில்தான் கிழிகிறது.

காற்று மாட்டுகிறதா? கால் அழுத்தத்திலும் கழன்றால் காற்றைச் சந்தேகப்படுங்கள். பைண்டரோடு சிறு குருணைகளாக்காத நுண்பொடியில் இது நிச்சயம் இருக்கும். பொடியை டையில் போட்டு, பக்கவாட்டில் லேசாகத் தட்டி, பஞ்சை (punch, டைக்குள் நுழைந்து பொடியை அழுத்தும் ஸ்டீல் தண்டு) வைத்து, 5 முதல் 10 மெகாபாஸ்கல் வரை மெதுவாக ஏற்றுங்கள். விடுங்கள். பத்து விநாடி காத்திருந்து மறுபடி முழு அழுத்தத்துக்குப் போங்கள். தரை டைல் தொழிற்சாலைகளில் பெரிய பிரஸ்களும் இப்படித்தான் செய்கின்றன: முதல் அடி லேசாக, பஞ்சைச் சற்றே தூக்கிக் காற்றை விட்டு, அப்புறம் முழு அடி. உங்கள் டையில் வெற்றிடக் குழாய் இருந்தால் அதையும் மாட்டுங்கள்.

எடுக்கும் விதம்? வால்வை ஒரே திருப்பில் திறந்து முள் சட்டென்று பூஜ்யத்துக்கு விழ விடுகிறீர்களா? அரை நிமிடம் எடுத்து இறக்குங்கள். தள்ளி எடுக்கும்போது பாதியில் நிறுத்தாதீர்கள், ஒரே சீரான ஓட்டத்தில் வெளியே வரட்டும். மேல் பஞ்சை எடுத்துவிடாமல், அதன் எடையாவது வில்லை மீது இருக்கும்படி தள்ளினால் மூடி கழல்வது கணிசமாகக் குறையும். இதைச் சொல்லிக் கொடுத்ததும் நின்றுபோன விரிசல்களை நிறையப் பார்த்திருக்கிறேன். யாரும் கைமுறைக் குறிப்பில் எழுதி வைப்பதில்லை, அதனால்தான் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

சுவர் வறண்டிருக்கிறதா? ஸ்டியரிக் ஆசிடை அசிட்டோனில் இரண்டு சதவீதம் கரைத்து, அதில் பருத்திப் பஞ்சை நனைத்து — காது குடையும் பஞ்சுக் குச்சி போதும் — டையின் உள்சுவரில் ஒரே ஒரு பூச்சு. காய்ந்தபின் கண்ணுக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் அதிகம், துடைத்துவிடுங்கள்.

பைண்டர் போதவில்லையா? பத்து கிராம் பொடிக்கு 5 சதவீத பி.வி.ஏ. (பாலிவினைல் ஆல்கஹால், இதுதான் பைண்டர்) கரைசல் 3 மில்லி போட்டால் 1.5 சதவீதம் ஆகிறது. "இரண்டு சொட்டு விட்டேன்" என்பார்கள், இரண்டு சொட்டில் ஒன்றுமே இல்லை. பி.வி.ஏ. குளிர்ந்த நீரில் கரையாது. 80 டிகிரிக்கு மேல் சூடாக்கிக் கலக்கிக்கொண்டே இருந்தால் தெளிவான கரைசல் வரும், கட்டி கட்டியாக மிதந்தால் அது பைண்டர் ஆகாது. அகேட் கல்வத்தில் பொடியோடு அரைத்து, கிட்டத்தட்ட உலர்ந்ததும் 100 மெஷ் சல்லடையில் தேய்த்து இறக்குங்கள்.

டை தேய்ந்திருக்கிறதா? மேலே சொன்ன எல்லாம் பார்த்தும் மூடி கழன்றால் கடைசியாக இது. பொடி இறுகும் இடத்தில் டையின் சுவர் பீப்பாய் போல வயிறு வைத்திருக்கும். வில்லை அந்த அகலத்தில் உருவாகி, வெளியே வரக் குறுகிய வாயில் நுழைய வேண்டும், அதனால் உடைகிறது. வேறொருவரின் புது டையில் அதே பொடியை ஒரு முறை போட்டுப் பாருங்கள். அங்கே முழுசாக வந்தால் உங்கள் டையை டூல் ரூமுக்கு (டை, பஞ்சு பழுது பார்க்கும் பட்டறை) அனுப்பும் நேரம்.

## அறிகுறி: பக்கவாட்டில் படிப்படியாகக் கோடுகள்

மூடி கழலாமல், வில்லையின் பக்கத்தில் தட்டையான கோடுகள் அடுக்கடுக்காகத் தெரிந்தால் காரணங்கள் பெரும்பாலும் மேலே உள்ளவையே, அதே வரிசையில் பாருங்கள். இதற்கென்று தனியாக இரண்டு உண்டு. பொடியை இரண்டு தவணையாகப் போட்டு நடுவில் அமுக்கிவிட்டால் அந்த இடத்தில் தளம் பிரியும், எடை போட்டு ஒரே தடவையில் கொட்டுங்கள். ஓரத்தில் மட்டும் வளையம் போலப் பிரிந்தால் பஞ்சுக்கும் டைக்கும் இடைவெளி அதிகம். பஞ்சைச் சுற்றி மெல்லிய படலம் போலப் பொடி ஏறி நிற்பதே அதற்கு அடையாளம், பஞ்சை மாற்றினால்தான் தீரும்.

## அறிகுறி: பஞ்சில் ஒட்டிக்கொள்கிறது, அல்லது ஓரம் உதிர்கிறது

எதிரெதிரான இந்த இரண்டு புகாரையும் ஒரே பாட்டில் பொடியை வைத்துக்கொண்டு என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். ஒன்று சித்திரை வெயிலில், மற்றது ஐப்பசி மழையில்.

பி.வி.ஏ. காற்றின் ஈரத்தைக் குடிக்கும். ஈரம் ஏறினால் மென்மையாகும், காய்ந்தால் கண்ணாடி போல விறைக்கும். மழைக்காலத்தில் மூடி தளர்ந்த பாட்டிலிலிருந்து எடுத்த பொடி, பஞ்சின் முகத்தில் தோல் போல ஒட்டி வரும். வில்லையின் மேல் பகுதியில் சில்லு பெயர்ந்த பள்ளம், பஞ்சில் அதே வடிவில் வெள்ளைத் திட்டு. இதற்குப் பொடியை 50–60 டிகிரியில் ஒரு மணி நேரம் உலர்த்தி, பஞ்சு முகத்தை அசிட்டோனில் துடைத்துப் பாருங்கள். பஞ்சு முகத்தில் கீறல் இருந்தால் அங்கேதான் முதலில் ஒட்டும், வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். வைரப் பேஸ்ட் வைத்து மெருகேற்ற முடிந்தால் நீங்களே செய்யலாம், விரல் நகம் தட்டுகிற கீறல் என்றால் டூல் ரூம் வேலை.

உதிர்ந்தால் நேர்மாறு. பொடியை இரவு முழுக்க 110 டிகிரி உலர்த்தும் அடுப்பில் வைத்துவிட்டு அப்படியே அழுத்தியிருப்பார்கள். குருணைகள் உடைய மறுக்கும், ஒன்றோடொன்று பிணையாது. ஒரு மூடிய டப்பாவில், கீழே கிண்ணத்தில் கரையாத உப்பு மிஞ்சும் அளவுக்குச் சமையல் உப்புக் கரைசல், மேலே திறந்த தட்டில் பொடி, இப்படி ஒரு இரவு வையுங்கள். அந்த உப்புக் கரைசல் டப்பாவுக்குள் ஈரப்பதத்தை 75 சதவீதத்தில் நிறுத்திவிடும், வெளியே மழையா வெயிலா என்பது பொருட்டில்லை. காலையில் போட்டால் வில்லை விளிம்பு கூராக நிற்கும். மழைக்காலப் பொடிக்கு இவ்வளவு ஈரம் வேண்டாம், சில மணி நேரத்தில் எடுத்துப் பாருங்கள். பி.இ.ஜி. 400 (பாலிஎத்திலீன் கிளைக்கால்) சிறிதளவு சேர்ப்பதும் பைண்டரை மென்மையாக்கும், ஆனால் அதை முதல் வழியாக எடுக்காதீர்கள்.

## அறிகுறி: டையில் சிக்கிக்கொண்டது

இங்கே நிதானம் மிக முக்கியம். தள்ளும் விசை அழுத்திய விசையை நெருங்கினால் நிறுத்துங்கள். சுத்தியலால் அடிக்காதீர்கள். கெட்டிப்படுத்திய ஸ்டீல் பஞ்சு சிதறும், அதன் துண்டு கண்ணைத் தேடி வரும். எப்போதும் அக்ரிலிக் மறைப்பு போட்டுத்தான் அழுத்த வேண்டும், முகத்தை டையின் உயரத்துக்குக் குனிந்து வைக்கக்கூடாது.

முதலில் பஞ்சு சாய்ந்து நுழைந்ததா என்று பாருங்கள், சாய்ந்திருந்தால் கீழிருந்து நேராகத் தள்ளினாலே வரும். வில்லையைப் பலி கொடுக்கத் தயார் என்றால் சுடுநீரில் இரவு முழுக்க ஊற வையுங்கள், பி.வி.ஏ. இளகிப் பொடி சேறாக வெளியேறும். உடனே துடைத்து எண்ணெய் பூசுங்கள், இல்லாவிட்டால் காலையில் துரு. அதற்கும் அசையவில்லை என்றால் டூல் ரூம்.

## அறிகுறி: விரிசல் இல்லை, ஆனால் அடர்த்தி 50 சதவீதத்துக்குக் கீழே

அழுத்தத்தைக் கூட்டத்தான் தோன்றும். அதற்கு முன் ஒரு வில்லையைக் கையால் உடைத்து, பத்து மடங்கு லென்ஸில் உடைந்த முகத்தைப் பாருங்கள். சமதளமாக, சுண்ணாம்புக் கட்டியை உடைத்தது போல இருந்தால் குருணைகள் நொறுங்கி ஒன்றாகிவிட்டன. கேழ்வரகைக் கொட்டி அமுக்கியது போல உருண்டை உருண்டையாகத் தெரிந்தால் அவை உடையவே இல்லை. உருண்டைகளுக்கு நடுவே உள்ள முக்கோண இடுக்குகள் சூளையில் மூடாது, துளையாகவே தங்கிவிடும்.

உருண்டை தெரிந்தால் மேலே சொன்ன உப்பு டப்பா வைத்தியம். உருண்டை இல்லை, அடர்த்தியும் இல்லை என்றால் பொடியைப் பாருங்கள். பாட்டிலின் லேபிளைத் திருப்பிப் படியுங்கள். ரசாயனக் கடையில் "அலுமினா" என்று கேட்டால் கிரோமட்டோகிராபி அலுமினாவைக் கொடுத்துவிடுவார்கள். ஒரு மாணவர் நான்கு மாதம் அதை அழுத்திக்கொண்டிருந்தார். அது நிறையத் துளைகள் கொண்ட, ஆல்பா (அலுமினாவின் நிலையான படிக வடிவம்) அல்லாத வடிவம். எத்தனை டன் போட்டாலும் இறுகாது, சுடும்போது ஆல்பாவாக மாறிச் சுருங்கிப் புழு அரித்தது போன்ற அமைப்பாகிவிடும். உங்களுக்கு வேண்டியது ஆல்பா அலுமினா, அரை மைக்ரான் அளவில்.

## அறிகுறி: சுட்டபின் வடிவம் மாறிவிட்டது

டையிலிருந்து நேரான உருளையாக வந்தது, சூளையிலிருந்து கூம்பாக வந்தால் மேலிருந்து மட்டும் அழுத்தியிருக்கிறீர்கள். சுவரின் உராய்வு விசையைத் தின்றுவிடுவதால் கீழ்ப்பகுதிக்குக் குறைவாகத்தான் போய்ச்சேரும். குறைவாக இறுகிய இடம் அதிகம் சுருங்கும். இருபுறமும் அழுத்தினால் நடுப்பகுதி தளர்ந்து உடுக்கை போல இடுப்பு ஒடுங்கும், அது எவ்வளவோ மேல்.

எவ்வளவு சுருங்கும் என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். சுட்ட அடர்த்தி 3.9 என்று வைத்தால், 2.2 உள்ள இடம் 17.4 சதவீதம் சுருங்கும், 2.3 உள்ள இடம் 16.1. 25 மில்லிமீட்டரில் அது 0.3 மில்லிமீட்டர் வித்தியாசம், வெர்னியரே காட்டிவிடும்.

செலவில்லாத வழி: தடிமனைக் குறையுங்கள். ஒரு பக்கம் மட்டும் அழுத்தினால் உயரம் விட்டத்தில் பாதிக்குள் இருக்கட்டும். அடுத்தது, டையின் உடலுக்குக் கீழே இரண்டு ரப்பர் துண்டு வைத்து லேசாக அழுத்தி, ரப்பரை எடுத்துவிட்டு முழு அழுத்தம் கொடுங்கள். டை மிதப்பதால் கீழ் பஞ்சும் வேலை செய்யும். சுவரில் ஸ்டியரிக் ஆசிட் பூச்சு இங்கேயும் உதவும்.

உயரமான உருளைதான் வேண்டும் என்றால் இதோடு மல்லுக்கட்டாதீர்கள். 20–30 மெகாபாஸ்கலில் மெதுவாக வடிவம் மட்டும் கொடுத்து, ரப்பர் உறையில் காற்றை உறிஞ்சிக் கட்டி, கோல்டு ஐசோஸ்டேடிக் பிரஸ் உள்ள இடத்துக்குக் கொண்டுபோய் 200 மெகாபாஸ்கல் கொடுக்கச் சொல்லுங்கள். திரவம் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி அழுத்தும், சுவரே கிடையாது. ஸ்பார்க் பிளக்கின் வெள்ளை இன்சுலேட்டரை இப்படி எல்லாப் பக்கமும் அழுத்தித்தான் செய்கிறார்கள்.

## அறிகுறி: சுடும் முன் நன்றாக இருந்தது, சுட்டபின் அடர்த்தி இல்லை

சுடாத வில்லை 55 சதவீதம் இருந்ததா? இருந்தால் பிரஸ் மீது பழி இல்லை, சூளைக்குப் போங்கள். விரிசலோ கொப்புளமோ இருந்தால் பைண்டர் எரியும்போது அவசரப்பட்டிருக்கிறீர்கள். நிமிடத்துக்கு ஒரு டிகிரியாக 600 வரை ஏற்றி ஒரு மணி நேரம் நிறுத்துங்கள், அப்புறம் வேகமாகப் போகலாம். நுண்ணிய ஆல்பா அலுமினாவுக்கு 1550–1600 டிகிரியில் இரண்டு மணி நேரம் வேண்டும். திரையில் 1600 என்று காட்டினாலும் வில்லை இருக்கும் இடத்தில் குறைவாக இருக்கலாம். பக்கத்தில் ஒரு பைரோமெட்ரிக் கோன் (குறித்த சூட்டில் இளகிச் சாயும் சிறு கூம்பு) வைத்துப் பார்த்துவிட்டு, கோன் சாயவில்லை என்றால் தெர்மோகப்பிள் (சூளையின் வெப்ப உணரி) மாற்றுகிறவரைக் கூப்பிடுங்கள்.

## அறிகுறி: முள் நிற்காமல் இறங்குகிறது

முதல் சில விநாடியில் கொஞ்சம் இறங்குவது பொடி அமர்வதால். மறுபடி ஏற்றிய பின்னும் நிமிடத்துக்கு நிமிடம் இறங்கிக்கொண்டே போனால் பொடி இல்லாமல், டைக்குப் பதில் ஒரு ஸ்டீல் கட்டையை வைத்து ஏற்றிப் பாருங்கள். அப்போதும் இறங்கினால் எண்ணெய் அளவையும், அழுத்தத்தை விடும் வால்வு இறுக்கமாக மூடியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். அதோடு நிறுத்துங்கள். சீல் மாற்றுவது, சிலிண்டரைத் திறப்பது இரண்டையும் பிரஸ் பழுது பார்ப்பவர் வந்துதான் செய்ய வேண்டும். ராமைச் சுற்றி எண்ணெய் கசிவது தெரிந்தால் அன்றைக்கு யாரையும் பிரஸ் பக்கம் விட மாட்டேன்.

டூல் ரூமுக்கோ, ஐசோஸ்டேடிக் பிரஸ் உள்ள இடத்துக்கோ போகும்போது உடைந்த வில்லையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கழன்ற மூடியையும் அடித்துண்டையும் தனித்தனியாகப் பருத்திப் பஞ்சில் சுற்றி, உறையின் மேல் டை விட்டம், போட்ட டன், பொடியின் எடை, எந்தப் பக்கம் முதலில் வெளியே வந்தது என்பதை எழுதி எடுத்துப் போங்கள். டையோடு ஸ்டீல் பஞ்சு இரண்டையும் கொடுங்கள், ஒன்றை மட்டும் கொடுத்தால் இடைவெளியை அவர்களால் அளக்க முடியாது.